முன்னாள் கேப்டனும் புது வரவும்: கால்பந்து ரசிகர்களின் தீராத சண்டைக்குக் கேள்வி பதில்

கிளப்புகள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் சீசன் வந்தாலே இரண்டு வழக்குகள் மேடைக்கு வந்துவிடும். ஒன்று, "பழைய கேப்டன் காலம் முடிந்தது, விற்றுத் தொலையுங்கள்." இன்னொன்று, "இவ்வளவு காசு கொட்டி வாங்கினது இவரையா?" முதல் வழக்கில் நம் கண் கேப்டனின் கைப்பட்டையில் நிற்கிறது, இரண்டாவதில் விலையில் நிற்கிறது. ஆட்டத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இங்கே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிலாந்து பிரீமியர் லீக் சார்ந்தவை. விதிகளும் கணக்கும் அங்கேதான் அதிகம் அலசப்படுகின்றன.

கேப்டன் பதவியைப் பிடுங்கிவிட்டார்கள் என்றால் அவர் ஆட்டம் போய்விட்டது என்றுதானே பொருள்?

இல்லை. இந்த இரண்டையும் முடிச்சுப் போடுவதில்தான் பாதிச் சண்டை கிளம்புகிறது. பதவி போகப் பல காரணம் உண்டு: முதல் பதினொருவரில் இடம் நிச்சயமில்லை, ஒழுங்குப் பிரச்சினை, புது மேனேஜருக்கு வேறு ஆள் வேண்டும், ரசிகர்களோடு முட்டல்.

ஆர்சனலின் கிரானிட் ஜாக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபரில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவரை மாற்றியபோது சொந்த மைதானமே கூச்சலிட்டது. அவர் காதில் கை வைத்துக் காட்டி, ஜெர்சியைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார். சில நாளில் ஆர்சனல் கேப்டன் பதவி பறிபோனது. "இவர் மெதுவானவர், மூளையில்லாமல் கார்டு வாங்குகிறவர்" என்று கதையை மூடினார்கள். அதே ஆளை 2022-23 சீசனில் மேனேஜர் ஆர்டெட்டா இடப்பக்கம் மேலே ஏற்றி ஆடவைத்தார். லீகில் 7 கோல் அடித்தார். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் பேயர் லெவர்குசென் போய், ஒரு தோல்வியும் இல்லாமல் 2023-24 புண்டஸ்லீகாவை (ஜெர்மன் லீகை) வென்ற அணியின் நடுநாயகமாக ஆடினார். அதே சீசனின் ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தின் ஒரே கோலும் அவருடையது.

இத்தனை ஆண்டில் அவர் ஓட்டம் வேகமாகிவிடவில்லை. மாறியது அவர் நின்ற இடமும் அவரைச் சுற்றி நின்றவர்களும்.

அப்படியானால் கேப்டன் என்பவர் மைதானத்தில் என்னதான் செய்கிறார்?

விதிப்புத்தகத்தின்படி மிகக் கொஞ்சம். கைப்பட்டை கட்ட வேண்டும், நாணயம் சுண்டும்போது நிற்க வேண்டும், அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு. தனிச் சலுகை எதுவும் இல்லை என்று 3ஆம் விதி வெளிப்படையாகவே சொல்கிறது. 2024 யூரோ கோப்பையில் கேப்டன் மட்டுமே நடுவரிடம் போய் விளக்கம் கேட்கலாம் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ கொண்டுவந்தது. பிறகு பல போட்டிகளில் பரவிவிட்டது. கோல்கீப்பர் கேப்டனாக இருந்தால் பேசுவதற்கென்று களத்தில் ஆடும் ஒருவரை முன்கூட்டியே குறித்துவிடலாம்.

மற்றதெல்லாம் உடைமாற்றும் அறை விவகாரம். அது டிவியில் தெரியாது. தெரியாததை வைத்துத் தீர்ப்புச் சொல்வதைக் குறைத்துக்கொண்டால் நல்லது.

வயதான சென்டர் பேக் (கோலுக்கு முன் நடுவில் நின்று காப்பவர்) தேறுவாரா மாட்டாரா என்று எதைப் பார்த்துச் சொல்வது?

பந்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள். முதல் 20 நிமிடம் அவரை மட்டும் பாருங்கள். டிவி கேமரா பந்தோடு போகும் என்பதால் நேரில் பார்ப்பது இன்னும் நல்லது. முடியாவிட்டால் உயரத்திலிருந்து எடுத்த அகலக் காட்சி தேவலை.

கவனிக்க வேண்டிய தருணம் இது. எதிரணி மிட்ஃபீல்டர் நடுவட்டத்தருகே பந்தை வாங்குகிறார். அவர் மேல் யாரும் பாயவில்லை; தலையைத் தூக்கிவிட்டார். அடுத்து முதுகுக்குப் பின்னால் நீளப் பந்து வரப்போகிறது என்பது உறுதி. தெரிந்த சென்டர் பேக், அந்த மிட்ஃபீல்டர் உதைக்கக் காலைப் பின்னுக்கு இழுக்கும்போதே இரண்டு மூன்று எட்டு பின்வாங்கத் தொடங்கியிருப்பார். உடம்பு அரைத் திருப்பத்தில் இருக்கும், ஒரு தோள் பந்தின் பக்கம், ஒரு தோள் தன் கோலின் பக்கம். தெரியாதவர் மார்பை நேராகக் காட்டி நின்றுகொண்டிருப்பார். அவர் திரும்பவே அரை விநாடி ஆகும். நல்ல ஃபார்வர்டு விநாடிக்கு 8 மீட்டருக்கு மேல் ஓடுவார். அரை விநாடி என்றால் 4 மீட்டர். அந்த 4 மீட்டரை உசேன் போல்ட்டாக இருந்தாலொழியத் திருப்பிப் பிடிக்க முடியாது.

மாறாக, பாஸ் கொடுப்பவர் மேல் ஒருவர் பாய்ந்து அவர் தலை குனிந்திருந்தால், அப்போது முன்னே ஏறி வர வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் சரியாக இருந்தால் மெதுவான ஆளும் பிழைப்பார். இது பிசகினால் வேகமானவரும் தப்ப மாட்டார்.

அடுத்து, பந்து தன்னிடம் வரும்முன் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்? வாங்கும்போது எந்தக் கால்? பந்துக்கு அப்பால் உள்ள காலில் வாங்கினால் உடம்பு தானாகத் திறந்து மைதானத்தின் மறுபக்கம் தெரியும். பந்துக்கு அருகிலுள்ள காலில் வாங்கினால் வந்த வழியேதான் திருப்பித் தர முடியும். எதிரணி அதற்காகவே காத்திருக்கும்.

ஹாரி மெக்வயர் விஷயத்தில் யார் சொல்வது சரி?

இரண்டு தரப்பும் பாதிப் பாதி. 2019 ஆகஸ்டில் லெஸ்டரிடமிருந்து 8 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது, அப்போது டிஃபென்டருக்கு உலக சாதனை விலை. 2020 ஜனவரியில் கேப்டன். 2023 ஜூலையில் அந்தப் பதவி புரூனோ ஃபெர்னாண்டஸுக்குப் போனது.

யுனைடெட்டில் திணறிய காலத்தில் டிஃபென்ஸ் கோடு மேலே ஏறி நின்றது, முன்னால் பிரஸ் செய்பவர்கள், அதாவது பந்து வைத்திருப்பவர் மேல் பாய்ந்து நெருக்க வேண்டியவர்கள், அதை ஒழுங்காகச் செய்யவில்லை. ஆகவே பாஸ் கொடுப்பவருக்குத் தலை தூக்க நேரம் கிடைத்தது, பின்னால் பெரிய வெற்றிடமும் கிடைத்தது. மெக்வயர் திரும்புவதில் மெதுவானவர் என்பது உண்மை. அந்த அமைப்பு அதை ஒவ்வொரு வாரமும் வெளிச்சம் போட்டுக் காட்டியது. அதே ஆள் யூரோ 2020-இல் இங்கிலாந்துக்காக ஆடியபோது அணி கொஞ்சம் பின்வாங்கி நின்றது, முன்னால் ரைஸும் பிலிப்ஸும் காவல். அந்தத் தொடரின் சிறந்த அணியில் யூஇஎஃப்ஏ அவரைச் சேர்த்தது. கேப்டன் பதவி போன நான்கே மாதத்தில், 2023 நவம்பருக்கான பிரீமியர் லீக்கின் மாதச் சிறந்த வீரர் விருதும் வாங்கினார்.

2025 ஏப்ரலில் லியோனுக்கு எதிரான யூரோபா லீக் ஆட்டம் பலர் கையில் துருப்புச் சீட்டு. கூடுதல் நேரத்தில் 4-2 என்று பின்தங்கியிருந்த அணி 5-4 என்று வென்றது. கடைசி நிமிடத் தலைமுட்டுக் கோல் மெக்வயருடையது. அருமையான இரவுதான். ஆனால் அவரை அப்போது முன்வரிசைக்கு அனுப்பியிருந்தார்கள். அதை வைத்து அவர் டிஃபென்ஸ் பற்றி வாதாடுவது, சமையல்காரர் நன்றாகப் பாடினார் என்று சாப்பாட்டுக்கு மதிப்பெண் போடுவது மாதிரி.

வயதானால் முதலில் போவது எது?

மீண்டும் மீண்டும் வேகமாக ஓடும் திறன். ஒரே ஒரு ஓட்டத்தின் உச்சவேகம் மெல்லத்தான் குறையும். ஓடி முடித்து 20 விநாடியில் மறுபடி ஓடச் சொன்னால்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே ஓரத்தில் ஓடி ஆடும் விங்கரும் ஃபுல் பேக்கும் சீக்கிரம் தளர்வார்கள், சென்டர் பேக்கும் கோல்கீப்பரும் நெடுநாள் தாங்குவார்கள். தியாகோ சில்வா 2020-இல் 35 வயதில் செல்சிக்கு வந்து, அந்த சீசனிலேயே சாம்பியன்ஸ் லீக் வென்றார், 2024 வரை ஆடினார். பாஸும் இடம் பிடித்து நிற்கும் அறிவும் கடைசியில்தான் போகும்.

70ஆம் நிமிடத்துக்குப் பிறகு பாருங்கள். ஒரு தாக்குதலுக்கு ஓடிவிட்டுத் திரும்பி நடந்து வருகிறாரா, மெல்ல ஓடியாவது வருகிறாரா? பதில் அங்கே இருக்கும்.

எந்தப் புள்ளிவிவரத்தை நம்பலாம்?

முதல் நிபந்தனை, 90 நிமிடத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், குறைந்தது 900 நிமிடமாவது ஆடியிருக்க வேண்டும். மாற்று வீரராக 200 நிமிடம் ஆடி 3 கோல் அடித்தவரை ஸ்ட்ரைக்கர் ஹாலண்டோடு ஒப்பிடும் படங்கள் வாரம் ஒன்று சுற்றும். கண்டுகொள்ளாதீர்கள்.

ஸ்ட்ரைக்கர் என்றால் பெனால்டியைக் கழித்துவிட்டு எக்ஸ்ஜி பாருங்கள். ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பை 0 முதல் 1 வரை சொல்லும் அளவு அது. பெனால்டி ஒன்று ஏறக்குறைய 0.78. பெனால்டி அடிப்பவருக்கு ஆண்டுக்கு ஆறேழு கோல் சும்மா ஏறிவிடும். புதுக் கிளப்பில் அந்த வேலை வேறொருவர் கையில் இருந்தால் அது அப்படியே கழன்றுவிடும். எக்ஸ்ஜியை விட மிக அதிகமாகக் கோல் அடித்த ஒரே ஒரு சீசனை நம்பி வாங்குவதுதான் பணம் கரையும் சுலபமான வழி. அடுத்த ஆண்டு அது பெரும்பாலும் சராசரிக்கு இறங்கும்.

டிஃபென்டருக்கு டேக்கிள் (எதிரணிக்காரர் காலிலிருந்து பந்தைப் பறிப்பது) எண்ணிக்கை ஏமாற்றும். தன் அணியிடம் பந்து 70 சதவீதம் இருந்தால் டேக்கிள் செய்ய வேலையே வராது. இடம் தவறி நிற்பவருக்குத்தான் அதிகம் விழுந்து தடுக்க வேண்டியிருக்கும். பாஸ் வெற்றி சதவீதமும் அப்படியே: பக்கத்து ஆளுக்கே தள்ளிக்கொண்டிருந்தால் 93 வந்துவிடும். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் போன பாஸ் எத்தனை என்று கேளுங்கள்.

8 கோடி, 10 கோடி என்கிறார்களே, அதை ஒரே ஆண்டில் செலவாக எழுதுகிறார்களா?

இல்லை. விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து ஆண்டுதோறும் எழுதுவார்கள். மெக்வயர் 8 கோடி, 6 ஆண்டு ஒப்பந்தம். ஆண்டுக்கு ஏறக்குறைய 1.33 கோடி. 4 ஆண்டு கழித்து 2023-இல் கணக்கில் மீதி 2.67 கோடி. அந்தக் கோடையில் வெஸ்ட் ஹாம் 3 கோடி தருவதாகப் பேச்சு முடிந்து கடைசியில் முறிந்தது. "8 கோடிக்கு வாங்கி 3 கோடிக்கா?" என்று கொதித்தவர்கள் பலர். நடந்திருந்தால் கணக்குப்படி அது சிறு லாபம்.

இதே கணக்கை வைத்துத்தான் செல்சி நீளமான ஒப்பந்தங்கள் போட்டது. 2023 ஜனவரியில் என்ஸோ ஃபெர்னாண்டஸ் 10.68 கோடி பவுண்டு, எட்டரை ஆண்டு. ஆண்டுச் செலவு 1.26 கோடிக்குள் அடங்கியது. 5 ஆண்டு என்றால் 2.14 கோடி ஆகியிருக்கும். பிறகு யூஇஎஃப்ஏவும், 2023 டிசம்பரில் பிரீமியர் லீகும், எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் 5 ஆண்டுக்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று கதவை அடைத்தன.

நீள ஒப்பந்தத்தில் ஒரு வினை உண்டு. ஆள் தேறாவிட்டால் கணக்கில் மீதி அதிகம் நிற்கும், சம்பளமும் ஓடும், விற்கவும் முடியாது.

சொந்த அகாடமியில் வளர்ந்தவரை விற்றால் வாங்கிய விலை பூஜ்யம் என்பதால் வரும் தொகை முழுக்க லாபம். ஊர்ப்பிள்ளையை விற்கிறார்களே என்று ரசிகர்கள் குமுறும்போது பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

நஷ்டத்துக்கு வரம்பு வைக்கும் விதியை மீறினால் உண்மையிலேயே தண்டிக்கிறார்களா?

2023-24இல் தண்டித்தார்கள். மூன்று ஆண்டில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்பது அப்போதைய விதி. எவர்டனுக்கு 10 புள்ளி வெட்டு; மேல்முறையீட்டில் 6 ஆனது; அதே சீசனில் இன்னொரு வழக்கில் 2 போனது.

நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கதை டிரான்ஸ்ஃபர் பேசுகிறவர்களுக்கு இன்னும் பாடம். பிரென்னன் ஜான்சனை 2023 செப்டம்பர் 1 அன்று 4.75 கோடிக்கு டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள். ஆனால் கணக்காண்டு ஜூன் 30-உடன் முடிந்திருந்தது. "காத்திருந்ததால்தான் நல்ல விலை கிடைத்தது" என்ற வாதம் எடுபடவில்லை. 4 புள்ளி போனது. ஜூன் கடைசி வாரத்தில் கிளப்புகள் அவசர அவசரமாக விற்பதன் காரணம் புரிகிறதா?

ஒரே ஆளுக்கு மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்களே?

மூவருமே சரியாக இருக்கலாம். உறுதித் தொகை வேறு, நிபந்தனை நிறைவேறினால் சேரும் ஆட்-ஆன் வேறு. கைசெடோவுக்கு செல்சி கொடுத்தது 10 கோடி, அதன் மேல் நிபந்தனைப்படி 1.5 கோடி வரை. ஒருவர் 10 என்பார், ஒருவர் 11.5 என்பார். இன்னொருவர் பவுண்டை விட்டு யூரோ நாணயத்தில் சொல்வார். சண்டை போடுமுன் எந்தக் காசு என்று கேட்டுவிடுங்கள்.

விற்கும் கிளப்புக்கும் முழுத்தொகை போவதில்லை. ஃபிஃபா விதிப்படி 5 சதவீதம் வரை, அந்த ஆட்டக்காரரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கு: 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை 0.5 சதவீதம். முன்பு விற்ற கிளப் "அடுத்த விற்பனையில் எனக்கும் பங்கு" என்று எழுதி வாங்கியிருந்தால் அதுவும் கழியும்.

இலவசமாக வருகிறவர் உண்மையில் இலவசமா?

கிளப்புக்குக் கிளப் தொகை இல்லை, அவ்வளவுதான். 1995 போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்தவர் சும்மா போகலாம். கடைசி 6 மாதத்தில் வேறு நாட்டுக் கிளப்போடு முன்ஒப்பந்தமும் போடலாம். மிச்சமாகும் தொகையில் பெரும்பகுதி கையெழுத்துப் பணமாகவும், ஏஜென்ட் கட்டணமாகவும், கூடுதல் சம்பளமாகவும் மாறிவிடும். 32 வயது ஆளுக்கு 4 ஆண்டு ஒப்பந்தம் என்றால் "இலவசம்" என்ற சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு மொத்தச் சம்பளத்தைக் கூட்டிப் பாருங்கள்.

புதிதாக வந்தவர் தேறமாட்டார் என்று எத்தனை ஆட்டத்தில் முடிவு கட்டலாம்?

ஐந்தில் கட்டாதீர்கள். பாட்ரிஸ் எவ்ரா 2006 ஜனவரியில் யுனைடெட்டுக்காக முதல் ஆட்டம் ஆடினார், மான்செஸ்டர் சிட்டியிடம் 3-1 தோல்வி, இடைவேளையிலேயே வெளியே எடுத்தார்கள். பிறகு அந்த இடத்தில் பல ஆண்டு அவரை அசைக்க ஆளில்லை. ஃபாபினியோ 2018 கோடையில் லிவர்பூல் வந்தும் லீகில் தொடக்க வரிசையில் இடம் கிடைக்க அக்டோபர் கடைசி ஆனது. ஆண்டி ராபர்ட்சன் 80 லட்சம் பவுண்டுக்கு வந்து, முதல் சில மாதம் பெஞ்சிலேயே கழிந்தது.

காத்திருப்பதிலும் இரண்டு வகை உண்டு. எங்கே நிற்பது, எப்போது பிரஸ் செய்வது என்று தெரியாமல் தடுமாறுகிறவர் கற்றுக்கொள்வார். அவர் தவறு வாரத்துக்கு வாரம் மாறும், குறையும். ஜனவரியில் வந்தவருக்கு முன்சீசன் பயிற்சியே கிடைத்திருக்காது, அவருக்குக் கூடுதல் அவகாசம் நியாயம். ஆனால் ஒவ்வொரு மோதலிலும் தள்ளிவிடப்படுகிறவர், எப்போதும் ஒரே காலில் உள்ளே வெட்டி ஒரே இடத்தில் பந்தை இழக்கிற விங்கர், இவர்களுக்கு மொழியும் சாப்பாடும் பழகினால் சரியாகும் என்பது வெறும் நம்பிக்கை. ஏறக்குறைய 1,500 நிமிடம் ஆடியபின் அதே தவறு அதே இடத்தில் வந்தால் கவலைப்படலாம்.

இன்னொன்றையும் கேளுங்கள்: பழைய கிளப்பில் அவர் செய்த வேலையைத்தான் இங்கேயும் கொடுத்திருக்கிறார்களா? எதிர்த்தாக்குதலில் 40 மீட்டர் ஓடிக் கோல் அடித்தவரை வாங்கி, பெனால்டி பாக்ஸைச் சுற்றிப் பத்துப் பேர் அடைத்து நிற்கும் அணிகளுக்கு எதிராக நிறுத்தினால் குற்றம் வாங்கியவர் மேல்.

மருத்துவப் பரிசோதனையில் டீல் முறிவதெல்லாம் நடக்குமா, சாக்கா?

நடக்கும். இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ; முட்டி, கணுக்கால், இடுப்புக்கு எம்ஆர்ஐ; பழைய காயங்களின் கோப்பு. 2000 ஏப்ரலில் ரூட் வான் நிஸ்டல்ராய் யுனைடெட்டுக்கு வருவது முட்டிப் பிரச்சினையால் நின்றது. சில நாளுக்குள் பயிற்சியில் அந்த முட்டித் தசைநார் கிழிந்தது. ஓராண்டு கழித்துத்தான் வந்தார். பெரும்பாலும் "தோற்றார்" என்று யாரும் சொல்வதில்லை, விலையைக் குறைத்துத் திரும்பப் பேசுவார்கள்.

இத்தனை பேரை வாங்கி எங்கே வைப்பார்கள்?

பிரீமியர் லீக் பட்டியல் 25 பேர். அதில் அதிகபட்சம் 17 பேர்தான் வெளியில் வளர்ந்தவர்கள். 21 வயதுக்குட்பட்டவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். உள்ளூரில் வளர்ந்தவர் என்பது பாஸ்போர்ட்டைப் பொறுத்ததல்ல. 21 வயதுக்குள் 3 சீசன் அல்லது 36 மாதம் இங்கிலாந்து, வேல்ஸ் கிளப்பில் பதிவாகியிருந்தால் போதும். முன்னாள் கேப்டன் உள்ளூரில் வளர்ந்தவராக இருந்தால் விற்பதற்குமுன் கிளப் இருமுறை யோசிப்பதற்கு இதுவும் காரணம். அவர் இடத்துக்கு வெளியில் வளர்ந்தவர் வந்தால் அந்த 17-இல் ஒன்று போகும்.

கடைசி நாள் இரவு "டீல் முடிந்தது" என்றார்கள், காலையில் இல்லை என்கிறார்கள். எப்படி?

பேச்சு முடிவதும் பதிவு முடிவதும் வேறு. நாடு விட்டு நாடு போகும் டீல் என்றால் இரு கிளப்பும் ஃபிஃபாவின் இணையப் பதிவு முறையில் ஒரே விவரங்களை ஏற்ற வேண்டும். ஒரு தொகையோ தேதியோ பொருந்தாவிட்டால் நிற்கும். பிரீமியர் லீகில் நேரம் முடியும்முன் டீல் உறுதி என்று காட்டும் டீல் ஷீட் அனுப்பிவிட்டால் மீதிக் காகிதத்துக்கு 2 மணி நேரம் கிடைக்கும். ஆனால் அந்தச் சலுகை எல்லாரையும் காப்பாற்றாது. 2017 ஆகஸ்டில் அட்ரியன் சில்வாவை லெஸ்டர் வாங்கியது. பதிவு 14 விநாடி தாமதம். ஃபிஃபா மறுத்தது. வாங்கிய ஆளை 2018 ஜனவரி வரை ஆடவைக்க முடியவில்லை.